இன்ஜினை நிறுத்திய லாரியில் இரவு முழுவதும் ஏசி ஓட எவ்வளவு பேட்டரி வேண்டும்?

நாமக்கல் பக்கத்து லாரி உரிமையாளர் ஒருவர் கேட்டிருக்கும் கேள்வி இது: பன்னிரண்டு சக்கர வண்டி, 24 வோல்ட் வயரிங், இன்ஜினோடு சேர்ந்து ஓடும் ஏசி கம்பெனியிலிருந்தே பொருத்தி வந்திருக்கிறது, ஓட்டுநர்கள் இருவர் இரவில் எட்டு மணி நேரம் கேபினிலேயே தூங்குகிறார்கள், இன்ஜினை ஓடவிடாமல் அந்த எட்டு மணி நேரமும் கேபின் குளிர்ச்சியாக இருக்க, வீட்டு இன்வெர்ட்டருக்கு வைப்பது போல இரண்டு 150 ஆம்பியர்-மணி பேட்டரிகளை வைத்தால் போதுமா?

அந்த இரண்டு பேட்டரிகள் போதா. ஆனால் இன்ஜினை நிறுத்திவிட்டு இரவு முழுவதும் கேபினைக் குளிர்விப்பது முடிகிற காரியம்தான். கணக்கை எங்கிருந்து தொடங்குகிறோம் என்பதில்தான் பலரும் பணத்தை இழக்கிறார்கள். எடுத்த எடுப்பில் எத்தனை பேட்டரி என்று கேட்கிறார்கள். பேட்டரி வெறும் குதிர். அதில் கொட்டவேண்டிய நெல், இன்ஜின் ஓடும்போது மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டரிலிருந்து வரவேண்டும். வண்டி ஓடும் நேரத்தில் ஆல்டர்னேட்டர் தன் மற்ற வேலைகள் போக எவ்வளவு மின்சாரத்தை மிச்சம் பிடித்துத் தருகிறதோ, அவ்வளவைத்தான் நின்ற பிறகு செலவழிக்க முடியும். குதிர் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் இதில் மாற்றமில்லை.

இந்தக் கேள்வி இனி அதிகமாக எழும். 2025 அக்டோபர் 1 முதல் தயாரிக்கப்படும் என்2, என்3 வகைச் சரக்கு வாகனங்களில், அதாவது மொத்த எடை 3.5 டன்னுக்கு மேற்பட்ட லாரிகளில், கேபினுக்கு ஏசி கட்டாயம் என்று மத்திய அரசு விதி வகுத்திருக்கிறது. ஓட்டும்போது அது பெரிய ஆறுதல். ஆனால் அந்த ஏசியின் கம்ப்ரசரை இன்ஜின் பெல்ட்தான் சுழற்றுகிறது. சாவியைத் திருப்பி இன்ஜினை நிறுத்திய கணமே குளிர்ச்சியும் நின்றுவிடும். பகல் முழுவதும் குளிரில் ஓட்டிப் பழகிய உடம்பு, இரவில் தகரக் கூரையின் கீழ் வேர்வையில் புரளும். ஆகவே இன்ஜினை ஐடிலில், அதாவது வண்டி நகராமல் இன்ஜின் மட்டும் ஓடும் நிலையில், விட்டுத் தூங்கும் பழக்கம் பெருகும் என்றே நான் நினைக்கிறேன்.

அந்தப் பழக்கத்தின் விலையை முதலில் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவின் பெரிய இன்ஜின்கள் ஐடிலில் மணிக்கு ஏறத்தாழ 3 லிட்டர் டீசல் குடிப்பதாக அங்குள்ளவர்கள் கணக்கிடுகிறார்கள். நம் வண்டிகளின் 5 முதல் 7 லிட்டர் கொள்ளளவு இன்ஜின்களுக்கு, ஏசியும் ஓடும்போது மணிக்கு ஒன்றரை முதல் இரண்டு லிட்டர் என்று வைத்துக்கொள்ளலாம். எட்டு மணி நேரத்துக்கு 12 முதல் 16 லிட்டர். டீசல் லிட்டர் 92 ரூபாய் என்றால் ஓர் இரவுக்கு 1,100 முதல் 1,500 ரூபாய் வரை புகையாகப் போகிறது. பிஎஸ்-6 வண்டிகளில் இன்னொரு கேடும் உண்டு. ஐடிலில் புகைபோக்கியின் வெப்பம் போதிய அளவு ஏறுவதில்லை. புகைக்கரியைப் பிடிக்கும் வடிகட்டி, சேர்ந்த கரி எரிந்து சுத்தமாகாமல் அடைத்துக்கொண்டே போகும், யூரியா கரைசலை வைத்து நைட்ரஜன் ஆக்சைடுகளைக் குறைக்கும் பகுதியும் சரியாக வேலை செய்யாது. எல்லாவற்றையும்விட முக்கியமானது உயிர். புகைக்குழாயின் இணைப்பில் சிறு கசிவு இருந்து, கண்ணாடிகளை ஏற்றிவிட்டு உள்ளே இருவர் தூங்கினால், வாசனையே இல்லாத கார்பன் மோனாக்சைடு அவர்களை எழவே விடாமல் செய்துவிடக்கூடும். கலிபோர்னியாவில் படுக்கை வசதியுள்ள லாரிகள் உட்படக் கனரக டீசல் வண்டிகள், சில விதிவிலக்குகள் தவிர, ஐந்து நிமிடத்துக்கு மேல் ஐடிலில் நிற்கக் கூடாது என்ற விதி 2008 முதல் நடப்பில் இருக்கிறது. நிறுத்திய வண்டிக்குத் தனி ஏசி என்ற தொழில் அங்கே வளர்ந்ததற்கு டீசல் விலையோடு இத்தகைய விதிகளும் காரணம்.

இப்போது வெப்பக் கணக்கு. வெளியே 32 டிகிரி, உள்ளே 26 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். கேபினின் கூரை, சுவர், கண்ணாடி வழியாக வரும் வெப்பம் ஏறத்தாழ 300 வாட். தூங்கும் மனிதர் ஒருவர் உடம்பிலிருந்து வருவது சுமார் 100 வாட், இருவருக்கு 200. கதவு இடுக்குகளில் புகும் ஈரக்காற்றில் உள்ள நீரை வடித்தெடுக்கும் வேலையும், கீழே இருக்கும் இன்ஜினின் மிச்சச் சூடும் சேர்ந்து இன்னொரு 300, 400 வாட். ஆக 800 முதல் 900 வாட் வெப்பத்தை வெளியே தள்ளவேண்டும். 24 வோல்ட்டில் நேரடியாக ஓடும் நல்ல பார்க்கிங் ஏசி, அதாவது நிறுத்திய வண்டிக்கான தனி ஏசி, தான் எடுக்கும் மின்சாரத்தைப்போல் இரண்டு மடங்கு வெப்பத்தையாவது வெளியே தள்ளும். எனவே சராசரியாக 400 வாட் மின்சாரம் தேவைப்படும். எட்டு மணி நேரத்துக்கு 3.2 யூனிட். வீட்டு மின்கட்டணத்தில் நாம் பார்க்கும் அதே யூனிட்தான் இது.

இன்ஜினின் மிச்சச் சூட்டைத் தனியாகச் சொல்லக் காரணம் இருக்கிறது. நம் லாரிகளில் கேபின் இன்ஜினுக்கு மேலேயே உட்கார்ந்திருக்கிறது. மூக்கு நீண்ட அமெரிக்க லாரிகளின் கணக்கை அப்படியே இங்கே எடுத்துவந்தால் தவறும். வண்டியை நிறுத்தி இரண்டு மணி நேரம் ஆன பிறகும் அந்த இரும்புத் திண்டு படுக்கையைச் சுட்டுக்கொண்டே இருக்கும். இன்ஜின் மூடிக்கு அடியிலும் கேபின் தரையிலும் தீப்பிடிக்காத வெப்பத் தடுப்பு விரிப்பைச் சரியாக ஒட்டுவது, கூடுதலாக ஒரு பேட்டரி வாங்குவதைவிட மலிவானது, நீடித்ததும்கூட. நிறுத்துவதற்கு முந்தைய அரை மணி நேரம் வண்டியின் சொந்த ஏசியை முழுக் குளிரில் வைத்துக் கேபினின் மெத்தை, தகரம் எல்லாவற்றையும் குளிரவைத்துவிட்டால், முதல் மணி நேரத்தின் சுமை பேட்டரியின் தலையில் விழாது.

பகல் தூக்கத்தின் கணக்கு வேறு. சென்னை, பெங்களூரு போன்ற நகரங்களுக்குள் பகலில் கனரக வண்டிகளுக்குத் தடை நேரம் இருப்பதால், நகர எல்லையில் வண்டியை ஓரங்கட்டி மதியம் தூங்குகிறவர்கள் ஏராளம். முன் கண்ணாடி மட்டும் ஒன்றரை சதுர மீட்டருக்கு மேல் இருக்கும். நேர் வெயிலில் அது ஒன்றே ஏறத்தாழ 1,000 வாட் வெப்பத்தை உள்ளே விடும். உள்பக்கத் திரையால் பாதிப் பயன்தான் உண்டு, ஏனென்றால் வெப்பம் கண்ணாடியைத் தாண்டி உள்ளே வந்த பிறகே திரையில் படுகிறது. கண்ணாடிக்கு வெளியே ஒரு வெளிர்நிறத் தார்ப்பாய்த் துண்டைக் கட்டினால் அந்த வெப்பத்தின் பெரும்பகுதி உள்ளே வராது. மின்சாரத்தில் 400 வாட் வரை மிச்சம். கூரைக்கு வெள்ளை வண்ணமும் இதே வகையில் உதவும். இவ்வளவு செய்த பிறகும் கோடை மதியத்தில் ஏசி 600, 700 வாட் எடுக்கும். ஐந்து மணி நேரத் தூக்கத்துக்கு 3.5 யூனிட் ஆகிவிடும்.

இனி பேட்டரி. இரண்டு 150 ஆம்பியர்-மணி ஈய-அமில பேட்டரிகளைத் தொடராக இணைத்தால் காகிதத்தில் 3.6 யூனிட் வருகிறது. கேட்டவர் இந்தக் கணக்கைப் பார்த்துத்தான் போதும் என்று நினைத்திருப்பார். ஆனால் ஈய-அமில பேட்டரியை மீண்டும் மீண்டும் பாதிக்கு மேல் காலிசெய்தால் அதன் ஆயுள் வேகமாகக் குறையும். பேட்டரியில் எழுதியிருக்கும் 150 என்பதும் 20 மணி நேரம் மெதுவாக எடுத்தால் கிடைக்கும் அளவு. எட்டு மணி நேரத்தில் எடுத்தால் அதைவிடக் குறைவாகவே கிடைக்கும். கைக்கு வருவது ஏறத்தாழ ஒன்றரை யூனிட். இரவு பத்து மணிக்குப் போட்ட ஏசி இரண்டு மணிக்கு நின்றுவிடும். வண்டியின் ஸ்டார்ட்டிங் பேட்டரியிலிருந்தே எடுக்கலாமா என்று கேட்கிறவர்களும் உண்டு. வேண்டவே வேண்டாம். அவை சில நொடிகள் பெரிய மின்னோட்டத்தைத் தருவதற்காகச் செய்யப்பட்டவை. நாள்தோறும் ஆழமாகக் காலிசெய்தால் சில மாதங்களில் செத்துவிடும், அதற்குள் ஒரு நாள் காலையில் வண்டி ஸ்டார்ட் ஆகாமல் ஆளில்லாத இடத்தில் நிற்கும்.

லித்தியம் அயர்ன் பாஸ்பேட் வகைதான் இந்த வேலைக்கு ஏற்றது. எட்டு செல்கள் தொடராக 25.6 வோல்ட், 150 ஆம்பியர்-மணி என்றால் 3.84 யூனிட், அதில் தொண்ணூறு சதவீதம் வரை எடுக்கலாம். ஆயிரக்கணக்கான முறை காலியாகி நிறையும். ஈய-அமிலத்தில் நூறு கிலோவைத் தாண்டும் எடை இதில் மூன்றில் ஒரு பங்குக்கு அருகில் வந்துவிடும். லித்தியம் வகைகளில் எளிதில் தீப்பற்றாததும் இதுவே. இரவுத் தூக்கம் மட்டும் என்றால் 150 ஆம்பியர்-மணி இழுத்துப் பிடித்துப் போதும். பகல் தூக்கமும் உண்டென்றால் 200 வாங்குங்கள். சேஸிஸில் புகைக்குழாய்க்கு எதிர்ப்பக்கம், சக்கரம் வாரியடிக்கும் சேறும் கல்லும் படாத இடத்தில், தண்ணீர் புகாத பெட்டியில் வைக்கவேண்டும். வெப்பம்தான் அதன் ஆயுளைத் தின்னும்.

இப்போது நெல்லுக்கு வருவோம். உங்கள் ஆல்டர்னேட்டரின் தகட்டில் 80 ஆம்பியர் என்று எழுதியிருந்தால், அது குளிர்ந்த நிலையில் முழு வேகத்தில் கிடைப்பது. இன்ஜின் சூட்டில், நெடுஞ்சாலை வேகத்தில், 60 முதல் 65 ஆம்பியரை நம்பலாம். விளக்குகள், இன்ஜின் கணினி, ஏசி ஊதி, துடைப்பான் எல்லாம் சேர்ந்து 25 முதல் 30 ஆம்பியர் எடுத்துக்கொள்ளும். மிஞ்சுவது 30 ஆம்பியர் சொச்சம். 28 வோல்ட்டில் அது ஏறத்தாழ 840 வாட். இரவில் எடுத்த 3.2 யூனிட்டை இழப்புகளோடு சேர்த்து நிரப்ப நான்கரை மணி நேர ஓட்டம் தேவை. நாளைக்குப் பத்து மணி நேரம் ஓடும் வண்டிக்கு இது எளிது. இந்த நிரப்பலுக்கு ஆகும் கூடுதல் டீசல் ஏறத்தாழ ஒன்றரை லிட்டர்தான். 12 லிட்டரோ 16 லிட்டரோ ஐடிலில் எரிப்பதற்குப் பதில் ஒன்றரை லிட்டர். ஓடும் இன்ஜின் கூடுதல் சுமையை நல்ல திறனோடு சுமக்கிறது. ஐடிலில் நிற்கும் இன்ஜின் பெரும்பாலும் தன்னைத்தானே சுழற்றிக்கொள்ளவே டீசலைச் செலவழிக்கிறது. வேறுபாடு அங்கேதான் பிறக்கிறது.

ஆனால் 45 ஆம்பியர் ஆல்டர்னேட்டர் உள்ள பழைய வண்டியில் மிஞ்சுவது அநேகமாக ஒன்றுமில்லை. அங்கே முதல் செலவு ஆல்டர்னேட்டரை மாற்றுவதுதான். பேட்டரி அதற்குப் பிறகு. இதைவிடப் பெரிய ஓட்டை காத்திருப்பு நாள்கள். தூத்துக்குடித் துறைமுகத்தில் வரிசையிலோ, வடக்கே திரும்பு லோடு கிடைக்காமல் இரண்டு மூன்று நாள்களோ வண்டி நகராமல் நின்றால் முதல் இரவு குளிரும், இரண்டாம் இரவு குளிராது. அதற்காகப் பேட்டரியை மும்மடங்காக்குவது வீண். 230 வோல்ட்டில் ஓடும் 24 வோல்ட் சார்ஜர் ஒன்றை வண்டியிலேயே வைத்துக்கொண்டு, டாபாவிலோ லாரி செட்டிலோ ஒரு பிளக் பாயின்ட் கிடைக்கும்போது போட்டுக்கொள்வதே சரி. 40 ஆம்பியர் சார்ஜர் 1,200 வாட் அளவுக்குத்தான் எடுக்கும். வீட்டு 16 ஆம்பியர் பிளக் அதைத் தாராளமாகத் தாங்கும். நெடுஞ்சாலை ஓய்விடங்களைக் கட்டுகிறவர்கள் லாரி நிறுத்தும் வரிசையில் கம்பத்துக்கு ஒரு மீட்டரும் பிளக்கும் வைத்துக் காசு வாங்கிக்கொண்டால், இந்தச் சிக்கலின் பாதி தீர்ந்துவிடும் என்பது என் உறுதியான எண்ணம்.

லித்தியம் பேட்டரியை ஆல்டர்னேட்டரோடு நேரடியாக இணைக்கக் கூடாது. அதன் உள்தடை மிகக் குறைவு. காலியாக இருக்கும்போது எவ்வளவு கொடுத்தாலும் விழுங்கும். நகர நெரிசலில் இன்ஜின் மெதுவாகச் சுழலும்போது குளிர்விக்கும் காற்றும் குறைந்து, முழுச் சுமையில் ஆல்டர்னேட்டரின் சுருள் கருகிவிடும். அதோடு, பேட்டரி நிறைந்ததும் அதன் பாதுகாப்புச் சுற்று சட்டென்று இணைப்பைத் துண்டித்தால் எழும் மின்னழுத்தப் பாய்ச்சல் ஆல்டர்னேட்டரின் டயோடுகளையும் வண்டியின் மின்னணுப் பெட்டிகளையும் பலிவாங்கலாம். இடையில் மின்னோட்டத்தை 30 ஆம்பியரில் கட்டிவைக்கும் 24-24 வோல்ட் டிசி சார்ஜர் ஒன்று கட்டாயம். இன்ஜின் ஓடும்போது மட்டும் அது வேலை செய்யவேண்டும். அப்போது ஸ்டார்ட்டிங் பேட்டரியும் தூக்கப் பேட்டரியும் ஒன்றையொன்று தொடாமல் தனித்தனியாக இருக்கும்.

நான் என் கண்ணால் பார்த்த ஒரு பிழையைச் சொல்லவேண்டும். ஒரு பட்டறையில் 12 வோல்ட் ஏசி மலிவாகக் கிடைத்தது என்று, வண்டியின் இரண்டு பேட்டரிகளில் கீழே உள்ள ஒன்றிலிருந்து மட்டும் இணைப்பு எடுத்துக் கொடுத்துவிட்டார்கள். ஒரு பேட்டரி இரவெல்லாம் காலியானது. மற்றது நிறைந்தே இருந்தது. காலையில் ஆல்டர்னேட்டர் இரண்டுக்கும் ஒரே மின்னோட்டத்தைத் தர, நிறைந்தது பொங்கிக் காய்ந்தது, காலியானது நிறையவே இல்லை. சில வாரங்களில் இரண்டுமே போயின. 24 வோல்ட் வண்டிக்கு 24 வோல்ட் ஏசிதான். அதேபோல் வீட்டு ஏசியை இன்வெர்ட்டரில் மாட்டுவதும் வேண்டாம். மாற்றத்தில் பத்துப் பதினைந்து சதவீதம் வீணாகும், சாதாரண கம்ப்ரசர் கிளம்பும்போது பலமடங்கு மின்னோட்டம் இழுக்கும், சுவரில் அசையாமல் இருக்கச் செய்த செம்புக் குழாய் லாரியின் அதிர்வில் விரிசல் விடும்.

வயரும் கவனத்துக்கு உரியது. ஏசி முழு வேகத்தில் 900 வாட் எடுக்கும்போது 38 ஆம்பியர் ஓடும். பேட்டரிக்கும் ஏசிக்கும் ஐந்து மீட்டர் தூரம் என்றால், போகவர பத்து மீட்டர். 6 சதுர மில்லிமீட்டர் செம்பு வயரில் ஒரு வோல்ட்டுக்கு மேல் வழியிலேயே இழந்துவிடும், ஏசி பேட்டரி தீர்ந்துவிட்டதாக நினைத்து நள்ளிரவில் நின்றுவிடும். குறைந்தது 16 சதுர மில்லிமீட்டர் போடுங்கள். பேட்டரி முனையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் 60 ஆம்பியர் ஃபியூஸ் இருக்கவேண்டும்; சேஸிஸில் உரசி வயர் வெட்டுப்பட்டால் தீயைத் தடுப்பது அது ஒன்றுதான். கேபினைச் சாய்க்கும் வண்டிகளில் வயரும் குழாயும் அந்த அசைவுக்கு இடம்விட்டு வளைந்திருக்கவேண்டும். கூரைமேல் வைக்கும் ஏசிக்குத் தகரத்தை வெட்டும்போது குறுக்குச் சட்டங்களை அறுக்காத இடமாகப் பார்க்கவேண்டும். வெட்டுவதற்கு முன் வண்டியின் உத்தரவாதம் என்ன சொல்கிறது என்று விற்பனையாளரிடமும், மாற்றங்களைக் கட்டுப்படுத்தும் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு தடையாகுமா என்று வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்திலும் கேட்டுவிடுங்கள்.

மற்ற வழிகளைச் சுருக்கமாகச் சொல்லலாம். கேபின் கூரையில் 400 வாட் சூரியத் தகடு நம் வெயிலில் நாளைக்கு ஒன்றரை யூனிட் தரும். உதவி, ஆனால் தனியாகப் போதாது, கூரையில் ஏசியும் இருந்தால் இடமும் இல்லை. அமெரிக்காவில் சிறு டீசல் இன்ஜினைத் தனியாகப் பொருத்துகிறார்கள். அது மணிக்கு ஒரு லிட்டருக்குள் குடிக்கும், ஆனால் இருநூறு கிலோ அளவுக்கு எடை. பகலில் நீரைப் பனிக்கட்டியாக்கி இரவில் உருகவிடும் முறையும் உண்டு. நம் இரவுக்கு வேண்டிய குளிர்ச்சிக்கு எழுபது கிலோ பனிக்கட்டியாவது தேவைப்படும். நீர் ஊற்றும் ஏர்கூலர் நாக்பூர், ராஜஸ்தான் வறட்சியில் நன்றாக வேலை செய்யும், சென்னை, தூத்துக்குடிப் புழுக்கத்தில் வேர்வையைத்தான் கூட்டும். கேபினை ஒட்டிப் பெட்ரோல் ஜெனரேட்டரை வைத்து ஓட்டுவதை யார் சொன்னாலும் ஏற்காதீர்கள். ஐடிலில் சொன்ன அதே விஷவாயுதான் இதிலும் வரும்.

பணம் திரும்புமா என்பதற்கு நேர்மையான விடை இரண்டு. இப்போது இன்ஜினை ஓடவிட்டுத் தூங்குகிறார்கள் என்றால், இரவுக்கு ஆயிரம் ரூபாய்க்குமேல் மிச்சம். வருடத்தில் 150 இரவு என்றால் ஒன்றரை லட்சம். ஐடிலில் விடக் கூடாது என்று ஏற்கெனவே கண்டிப்பாகச் சொல்லியிருந்தால், ரூபாயில் மிச்சம் எதுவும் இல்லை. கேபின் உச்சியிலும் வண்டிக்கு அடியிலும் பாய் விரித்துக் கொசுவோடும் திருட்டுப் பயத்தோடும் அரைத்தூக்கம் தூங்கும் இரண்டு பேருக்கு முழுத்தூக்கம் கிடைக்கும். டன் கணக்கான சுமையோடு மறுநாள் சாலையில் இறங்குகிறவர்களின் தூக்கம் அது. நான் உரிமையாளராக இருந்தால் அதற்காகவே செலவழிப்பேன்.

வாங்குவதற்கு முன் ஒரு நாள், வயரை வெட்டாமலே மின்னோட்டத்தை அளக்கும் கிளாம்ப் மீட்டரை ஆல்டர்னேட்டர் வயரில் மாட்டி, இரவில் விளக்கு, ஏசி, ஊதி எல்லாம் போட்டு ஓட்டி, எவ்வளவு வருகிறது, எவ்வளவு மிஞ்சுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். சார்ஜரின் அளவை அந்த எண்ணிலிருந்து முடிவுசெய்யுங்கள். பொருத்திய பிறகு ஏசியை 26 அல்லது 27 டிகிரியில் வைத்து, 24 வோல்ட் சிறு மின்விசிறி ஒன்றையும் ஓடவிடச் சொல்லுங்கள். ஐந்தாறு கன மீட்டர் கேபினில் இருவர் மூச்சுவிடுவதால் ஒரு கண்ணாடியில் விரல் அளவு இடைவெளி இருக்கட்டும். முதல் ஒரு வாரம் காலையில் எழுந்ததும் பேட்டரியில் மிச்சம் எத்தனை சதவீதம் என்பதையும், அன்று மாலை நிறுத்தும்போது எத்தனை ஏறியிருக்கிறது என்பதையும் ஓட்டுநரை டிரிப் ஷீட்டிலேயே எழுதச் சொல்லுங்கள். மாலை எண் நாளுக்கு நாள் இறங்கினால், பேட்டரியைப் பெரிதாக்காமல் சார்ஜர் பக்கத்தைச் சரிபாருங்கள்.